அழுத்தம், விசை, மின்சாரம்: இயற்பியல் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

இயற்பியல் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் சூத்திரம் நன்றாகவே தெரியும். விசை என்றால் நிறை × முடுக்கம், அழுத்தம் என்றால் விசை ÷ பரப்பு, மின்னழுத்தம் என்றால் மின்னோட்டம் × மின்தடை, இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கணக்கைக் கொடுத்தால் கை அப்படியே நின்றுவிடும், இல்லையென்றால் கண்ணில் பட்ட இரண்டு எண்களைச் சூத்திரத்தில் போட்டுத் தப்பான விடையில் போய் நிற்கும்.

சிக்கல் சூத்திரத்தில் இல்லை. கணக்கில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, அவர் யார் என்று கேட்காமல் எண்ணை எடுத்துப் பயன்படுத்துவதில்தான் சிக்கல். 20 நியூட்டன் என்றால் எந்தப் பொருளின் மேல்? 12 வோல்ட் என்றால் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்? 2 மீட்டர் ஆழம் என்றால் எங்கிருந்து அளந்தது? இந்தக் கேள்வியை ஒவ்வொரு எண்ணிடமும் கேட்கப் பழகிவிட்டால் அடிப்படைக் கணக்குகளில் பெரும்பாலானவை தாமாகவே வழிவிடும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரே கேள்வியை மூன்று இடங்களில் கேட்டுப் பார்ப்பதுதான்.

பேனா ஓடுவதற்கு முன்

கணக்கை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை எண்களை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்: ஏதோ ஒன்று நகர்கிறதா, சும்மா இருக்கிறதா, எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எது கேட்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது முறை எண்களுக்காகப் படியுங்கள். அப்புறம் ஒரு படம். அழகாக இருக்க வேண்டியதில்லை, பெட்டிக்கு ஒரு கட்டம், கயிற்றுக்கு ஒரு கோடு போதும். "எனக்குப் படம் தேவையில்லை, மனதிலேயே தெரிகிறது" என்பவர்கள்தான் குறிகளிலும் திசைகளிலும் அதிகம் வழுக்கி விழுகிறார்கள், ஆகையால் படத்தைத் தயவுசெய்து விடாதீர்கள்.

எண் மாதிரி தெரியாமலேயே எண்ணைச் சுமந்து வரும் சொற்கள் சில இருக்கின்றன. "ஓய்வு நிலையிலிருந்து" என்றால் தொடக்க வேகம் 0. "வழுவழுப்பான தளம்" என்றால் உராய்வு 0. "நேர்கோட்டில் சீரான வேகத்தில்" என்றால் முடுக்கம் 0, அதாவது நிகர விசையும் 0. "நிறையற்ற கயிறு" என்றால் கயிற்றின் இரு முனைகளிலும் ஒரே இழுவிசை. இவற்றைப் பார்த்ததும் படத்துக்குப் பக்கத்தில் எண்ணாக எழுதிவிடுங்கள். கணக்கில் ஒரு தகவல் குறைகிறதே என்று திணறும்போது, அது பெரும்பாலும் இப்படி ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும்.

அடுத்தது அலகு. சூத்திரத்துக்குள் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராம், விநாடி, ஆம்பியர் என்று மாற்றிவிடுவது நல்லது. நீளத்தில் யாரும் அதிகம் தப்புச் செய்வதில்லை, பரப்பில்தான் செய்கிறார்கள். 1 மீட்டருக்கு 100 சென்டிமீட்டர், சரி. ஆனால் 1 சதுர மீட்டருக்கு 100 × 100, அதாவது 10,000 சதுர சென்டிமீட்டர். 1 கன மீட்டருக்கு 10 லட்சம் கன சென்டிமீட்டர். அடர்த்தியை கிராம்/செ.மீ³ என்று கொடுத்திருந்தால் 1000 ஆல் பெருக்கினால் கிலோகிராம்/மீ³ வந்துவிடும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர், 3.6 ஆல் வகுத்தால் போதும். மில்லி ஆம்பியரும் கிலோ ஓமும் மின்சாரக் கணக்குகளில் அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எடுப்பதா 10 என்று எடுப்பதா என்பது உங்கள் பாடநூலைப் பொறுத்தது. இங்கே கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 10 மீ/வி² எடுத்துக்கொள்கிறேன்.

அழுத்தம்: எந்த விசை, எந்தப் பரப்பு

12 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பெட்டி. நீளம் 40 செ.மீ, அகலம் 30 செ.மீ, உயரம் 20 செ.மீ. தரையில் படுத்த வாக்கில் இருக்கும்போது தரைமேல் எவ்வளவு அழுத்தம்?

முதலில் விசை. 12 என்பது நிறை, அழுத்தத்துக்கு வேண்டியது எடை. 12 × 10 = 120 நியூட்டன். அடுத்து பரப்பு. பெட்டிக்கு ஆறு பக்கங்கள் உண்டு, தரையைத் தொடும் பக்கம் மட்டும்தான் நமக்கு வேண்டும். 0.4 × 0.3 = 0.12 மீ². அழுத்தம் 120 ÷ 0.12 = 1000 பாஸ்கல் (ஒரு பாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன்). இதே பெட்டியை 30 × 20 பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் பரப்பு 0.06 மீ², அழுத்தம் 2000 பாஸ்கல். எடை துளியும் மாறவில்லை, பரப்பு பாதியானதால் அழுத்தம் இரண்டு மடங்காகிவிட்டது.

இப்போது தப்பு நடக்கும் இடத்தைப் பார்ப்போம். 40 × 30 = 1200 செ.மீ², அதை 100 ஆல் வகுத்து 12 மீ² என்று எழுதிவிட்டால் விடை 10 பாஸ்கல் என்று வரும். இது தப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பாஸ்கல் எவ்வளவு சிறியது என்று தெரிந்திருந்தால் போதும். அச்சிடப் பயன்படுத்தும் ஒரு சாதாரண ஏ4 தாள் சுமார் 5 கிராம், அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அந்தத் தாள் மேசைமேல் கிடக்கும்போது கொடுக்கும் அழுத்தம் சுமார் 0.8 பாஸ்கல். அப்படியென்றால் 10 பாஸ்கல் என்பது பன்னிரண்டு தாள் அடுக்கி வைத்தது போலத்தான். 12 கிலோ பெட்டி அதையா கொடுக்கும்? பன்னிரண்டு சதுர மீட்டர் என்பது ஒரு சிறிய அறையின் தரை என்று யோசித்தாலும் பிடிபட்டுவிடும்.

நான்கு கால் மேசைக் கணக்கு இன்னொரு பழைய பொறி. மேசை 20 கிலோ, ஒவ்வொரு காலின் அடியும் 5 செ.மீ × 5 செ.மீ. மொத்த எடை 200 நியூட்டனை ஒரு காலின் பரப்பான 0.0025 மீ² ஆல் வகுத்தால் 80,000 பாஸ்கல் வரும், அது தப்பு. மொத்த எடைக்கு மொத்தப் பரப்பு: 200 ÷ 0.01 = 20,000. அல்லது எடை சமமாகப் பிரிகிறது என்று கொண்டு, ஒரு காலுக்கு நான்கில் ஒரு பங்கு எடை: 50 ÷ 0.0025 = 20,000. எந்த வழியில் போனாலும் சரி, விசையும் பரப்பும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்.

திரவத்துக்கு வந்தால் அழுத்தம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம். இங்கே எல்லாமே "ஆழம்" என்ற சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. 3 மீட்டர் உயரத் தொட்டி, அதில் 2.5 மீட்டர் வரை தண்ணீர், அடியிலிருந்து அரை மீட்டர் மேலே ஒரு குழாய். குழாய் இருக்கும் இடத்தில் தண்ணீரின் அழுத்தம் என்ன? கணக்கில் 3, 2.5, 0.5 என்று மூன்று நீளங்கள் இருக்கின்றன, மூன்றில் எதுவும் ஆழம் இல்லை. ஆழம் என்பது தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளப்பது: 2.5 − 0.5 = 2 மீட்டர். அழுத்தம் 2 × 1000 × 10 = 20,000 பாஸ்கல். தொட்டி அகலமா குறுகலா என்பது இதில் வரவே வராது. ஒரு மெல்லிய குழாயில் 2 மீட்டர் ஆழத்திலும் ஓர் ஏரியில் 2 மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் தரும் அழுத்தம் ஒன்றுதான், முதலில் நம்ப முடியாது, ஆனால் அதுதான் உண்மை.

"மொத்த அழுத்தம்" என்று கேட்டால் வளிமண்டல அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அதன் திட்ட மதிப்பு 1,01,325 பாஸ்கல். 1640களில் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டியது இந்த அழுத்தத்தைத்தான், 760 மில்லிமீட்டர் பாதரசத்தை அது தாங்கி நிறுத்துகிறது. வேண்டுமானால் பாதரசத்தின் அடர்த்தி 13,600 கிலோகிராம்/மீ³ என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்: 0.76 × 13,600 × 9.8 = சுமார் 1,01,300. தண்ணீரில் இதே அழுத்தத்துக்கு ஏறக்குறைய 10 மீட்டர் ஆழம் போக வேண்டும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் திரவக் கணக்குகளில் விடை நியாயமானதா என்று உடனே சொல்லிவிடலாம்.

பாஸ்கல் விதியில் (மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும்) வரும் நீரியல் உயர்த்திக் கணக்கில் மட்டும் அலகு மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டாம். சிறிய பிஸ்டன் 2 செ.மீ², பெரியது 100 செ.மீ², சிறியதில் 50 நியூட்டன் கொடுத்தால் பெரியதில் 50 × (100 ÷ 2) = 2500 நியூட்டன். இரண்டு பரப்பும் ஒரே அலகில் இருந்து விகிதம் மட்டும்தான் தேவை என்றால் மாற்றாமலே விட்டுவிடலாம். 50 நியூட்டன் 2500 ஆகிறதே, இலவசமா என்றால் இல்லை: சிறிய பிஸ்டனை 50 செ.மீ தள்ளினால் பெரியது 1 செ.மீ தான் எழும். 50 × 0.5 = 25 ஜூல், 2500 × 0.01 = 25 ஜூல்.

விசை: ஒரு நேரத்தில் ஒரு பொருள்

விசைக் கணக்குகளில் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றுதான். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அந்தப் பொருளின் மேல் வெளியிலிருந்து செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாக வரையுங்கள். அந்தப் பொருள் மற்றவற்றின் மேல் செலுத்தும் விசைகளுக்கு இந்தப் படத்தில் இடமில்லை. எடை கீழே, தொடும் தளம் தரும் செங்குத்து எதிர்விசை, கயிறு இருந்தால் இழுவிசை, உரசல் இருந்தால் உராய்வு. ஒவ்வோர் அம்புக்கும் "இதைக் கொடுப்பது யார்?" என்று கேளுங்கள், பதில் இல்லாத அம்பை அழித்துவிடுங்கள். "வேகமாகப் போகிறதே, அதனால் முன்னே ஒரு விசை இருக்கும்" என்று போட்ட அம்பு இந்தச் சோதனையில்தான் விழும்.

எளிதான ஒன்று: 5 கிலோ பெட்டியை 30 நியூட்டனால் இழுக்கிறோம், உராய்வு 10 நியூட்டன். நிகர விசை 20, முடுக்கம் 20 ÷ 5 = 4 மீ/வி². இதில் பேச அதிகமில்லை.

இரண்டு பொருள் வந்ததும் விஷயம் சூடாகும். வழுவழுப்பான தளத்தில் முன்னால் 3 கிலோ, பின்னால் 2 கிலோ, நடுவில் கயிறு. முன்னால் இருப்பதை 20 நியூட்டனால் இழுக்கிறோம். கயிற்றின் இழுவிசை எவ்வளவு? பலரும் 20 என்று எழுதுவார்கள், ஏனென்றால் கண்ணில் படும் விசை அது ஒன்றுதான். ஆனால் அந்த 20 முன்னால் இருக்கும் பெட்டிக்குச் சொந்தம், பின்னால் இருப்பதை அது தொடவே இல்லை.

முதலில் இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாகக் கோடு போடுங்கள். 20 ÷ 5 = 4 மீ/வி². இப்போது பின்பெட்டியைச் சுற்றி மட்டும் கோடு. அதைக் கிடையாக இழுப்பது கயிறு ஒன்றுதான், ஆகவே இழுவிசை 2 × 4 = 8 நியூட்டன். சரியா என்று பார்க்க முன்பெட்டிக்குப் போகலாம்: முன்னே 20, பின்னே 8, மீதி 12. 3 × 4 = 12. பொருந்துகிறது. இப்படி விடையை எடுத்துக்கொண்டு, இன்னும் பயன்படுத்தாத பொருளிடம் போய்ச் சரிபார்ப்பது அரை நிமிட வேலை, அதைப் பழக்கமாக்கிக்கொண்டால் மதிப்பெண்ணும் நிம்மதியும் கிடைக்கும்.

மின்தூக்கிக் கணக்கும் இதே கதைதான். 60 கிலோ மனிதர், மின்தூக்கி மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தில் கிளம்புகிறது. அவர் மேல் இரண்டே விசைகள்: கீழே எடை 600, மேலே தளத்தின் எதிர்விசை. மேல்நோக்கிய நிகர விசை 60 × 2 = 120 இருந்தாக வேண்டும், ஆகவே எதிர்விசை 720 நியூட்டன். அப்புறம் மின்தூக்கி சீரான வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும்போது? எதிர்விசை திரும்பவும் 600. மேலே போகிறது என்பதாலேயே அதிகமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் விசைக்குக் கணக்கு முடுக்கத்தோடுதான், வேகத்தோடு இல்லை.

இந்த இடத்தில் மூன்றாம் விதியைப் பற்றி ஒரு வார்த்தை. எடையும் தளத்தின் எதிர்விசையும் செயல்–எதிர்ச்செயல் ஜோடி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதரின் மேல் செயல்படுகின்றன, எனவே ஜோடியாக இருக்க முடியாது. ஜோடி எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மேல் இருக்கும்: தளம் மனிதரைத் தள்ளுகிறது, மனிதர் தளத்தைத் தள்ளுகிறார். பூமி மனிதரை இழுக்கிறது, மனிதர் பூமியை இழுக்கிறார்.

சாய்தளத்தில் சைனா கொசைனா என்று குழம்பினால் மனப்பாடத்தைத் தேடாதீர்கள். சாய்வுக் கோணத்தை 0 ஆக்கிப் பாருங்கள். தளம் தட்டையாகிவிட்டால் பொருள் வழுக்காது, ஆகவே தளத்தின் வழியே இழுக்கும் விசை 0 ஆக வேண்டும். கோணம் 0 ஆகும்போது 0 ஆவது சைன். அப்படியென்றால் தளத்தின் வழியே எடை × சைன், தளத்துக்குச் செங்குத்தாக எடை × கொசைன்.

மின்சாரம்: அந்த வோல்ட் யாருடையது

ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் 1827 இல் வெளியிட்ட விதி இன்றைக்கு மூன்று எழுத்துச் சூத்திரமாகச் சுருங்கிவிட்டது. அதில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றும் ஒரே துண்டைப் பற்றியவையாக இருக்க வேண்டும் என்பதைச் சூத்திரம் சொல்லாது, நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

12 வோல்ட் மின்கல அடுக்கு, அதில் 2 ஓமும் 4 ஓமும் தொடர் இணைப்பில். 2 ஓமில் ஓடும் மின்னோட்டம்? 12 ÷ 2 = 6 ஆம்பியர் என்று எழுதினால் தப்பு, அந்த 12 வோல்ட் இரண்டு மின்தடைக்கும் சேர்த்துச் சொந்தம். மொத்தத்துக்கு மொத்தம்: 12 ÷ 6 = 2 ஆம்பியர். தொடரில் இரண்டிலும் இதே மின்னோட்டம்தான். இப்போது தனித்தனியே: 2 ஓமில் 4 வோல்ட், 4 ஓமில் 8 வோல்ட், கூட்டினால் 12.

பக்க இணைப்பில் நேர்மாறு. 12 வோல்ட்டில் 3 ஓமும் 6 ஓமும் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கும் முழு 12 வோல்ட் கிடைக்கும். 4 ஆம்பியர், 2 ஆம்பியர், மொத்தம் 6. தொகுபயன் மின்தடை 12 ÷ 6 = 2 ஓம். தலைகீழிச் சூத்திரத்தில் (1 ÷ மொத்தம் = 1/3 + 1/6) கடைசியில் திருப்பிப் போட மறப்பவர்களுக்கு ஒரு காவல்: பக்க இணைப்பின் மொத்தம் இருப்பதிலேயே சிறிய மின்தடையைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். 3 ஐவிடப் பெரிதாக வந்தால் எங்கேயோ கோளாறு.

கலப்புச் சுற்றைக் கண்டு பயப்பட வேண்டாம், உள்ளிருந்து வெளியே சுருக்கிக்கொண்டே வந்து, விடை தெரிந்ததும் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். 3 ஓமும் 6 ஓமும் பக்கத்தில், அந்தக் கூட்டத்தோடு தொடரில் 4 ஓம், மொத்தத்துக்கும் 12 வோல்ட். பக்கக் கூட்டம் 2 ஓமாகச் சுருங்கும், அதனோடு 4, மொத்தம் 6 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர். திரும்பும் வழியில்: 4 ஓமில் 8 வோல்ட் போய்விட்டது, கூட்டத்துக்கு மிச்சம் 4 வோல்ட். ஆகவே 3 ஓமில் 4/3 ஆம்பியர், 6 ஓமில் 2/3 ஆம்பியர், கூட்டினால் 2. ஒவ்வொரு கட்டத்திலும் படத்தைத் திரும்ப வரையுங்கள். ஒரே படத்தில் அடித்துத் திருத்துவதில் மிச்சமாகும் நேரம் அப்புறம் குழப்பத்தில் போய்விடும்.

திறனுக்கு மூன்று சூத்திரங்கள் (மின்னழுத்தம் × மின்னோட்டம், மின்னோட்டம்² × மின்தடை, மின்னழுத்தம்² ÷ மின்தடை) இருப்பதால் எதை எடுப்பது என்ற கேள்வி வரும். எது பொதுவாக இருக்கிறதோ அதை எடுங்கள்: தொடரில் மின்னோட்டம் பொது, ஆகவே மின்னோட்டம்² × மின்தடை. பக்கத்தில் மின்னழுத்தம் பொது, ஆகவே மின்னழுத்தம்² ÷ மின்தடை. இதற்கு நல்ல சோதனை இரண்டு இழை பல்புகள்: 240 வோல்ட்டுக்கான 60 வாட் ஒன்று, 40 வாட் ஒன்று. மின்தடை முறையே 960 ஓம், 1440 ஓம். இரண்டையும் தொடரில் வைத்து 240 வோல்ட் கொடுத்தால் எது அதிகம் ஒளிரும்? மொத்தம் 2400 ஓம், 0.1 ஆம்பியர். 60 வாட் பல்பு எடுப்பது 9.6 வாட், 40 வாட் பல்பு எடுப்பது 14.4 வாட். 40 வாட் பல்புதான் ஜெயிக்கிறது! 60 வாட் என்பது அதற்கு முழு 240 வோல்ட்டும் கிடைக்கும்போது மட்டும் பொருந்தும் எண், இங்கே அது கிடைக்கவில்லை. (உண்மையான பல்பில் இழை குளிர்ந்தால் மின்தடையும் குறையும், அடிப்படைக் கணக்குகளில் அதை மாறாதது என்றே எடுத்துக்கொள்வோம்.)

மூன்றும் சேர்ந்து வந்தால்

கடைசியாக ஒரு கணக்கு, இதை முதலில் மூடிவைத்துவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் 10 ஆம்பியர் எடுக்கும் ஒரு பம்பு, தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது. இழப்பே இல்லை என்று கொண்டால் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறும்?

மின்திறன் 48 × 10 = 480 வாட், அதாவது விநாடிக்கு 480 ஜூல். ஒரு கிலோ தண்ணீரின் எடை 10 நியூட்டன், அதை 10 மீட்டர் ஏற்ற 100 ஜூல் வேண்டும். ஆகவே விநாடிக்கு 4.8 கிலோ, சுமார் 4.8 லிட்டர். இதையே அழுத்தத்தின் வழியாகவும் பிடிக்கலாம்: 10 மீட்டர் தண்ணீரின் அடியில் அழுத்தம் 1,00,000 பாஸ்கல். திறன் என்பது அழுத்தம் × விநாடிக்கு ஏறும் கன அளவு, ஆகவே 480 ÷ 1,00,000 = 0.0048 மீ³, அதே 4.8 லிட்டர். நிஜமான பம்பில் இழப்பு உண்டு. பயனுறுதிறன் 50 சதவீதம் என்று கணக்கில் சொல்லியிருந்தால் 480 ஐப் பாதியாக்கிக்கொண்டு தொடங்குங்கள், விநாடிக்கு 2.4 லிட்டர் வரும்.